விரிப்பு சொன்னது

தங்கபுஷ்பம் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மறுபடி பேசினாள். வாயால் அல்ல. கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த, சோப்பு டப்பா அளவிலான ஒரு பெட்டிக்குள்ளிருந்து.

"மூத்திரம் வருது, சித்ரா."

டீ கொண்டுவந்த மருமகள் சித்ரகலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அத்தையின் குரலேதான். அதே வெடுக்கு, கடைசியில் அதே இழுப்பு. ஆனால் கட்டிலில் கிடந்த அத்தையின் உதடு அசையவில்லை. கண் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கக்கா," என்றாள் நஸ்ரின். கம்பெனியிலிருந்து விரிப்பைப் பொருத்த வந்த பெண். இருபத்தைந்து வயது இருக்கும். "கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

கூட்டிப்போனாள். பெட்டி சொன்னது சரியாக இருந்தது. திரும்பி வந்து படுத்த தங்கபுஷ்பம் அந்த நேரத்தில் வழக்கமாகச் செய்வது எதையும் செய்யவில்லை. ஐந்து மணி ஆனால் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவாள், தடுக்க வருகிறவர்களின் கையைக் கடிப்பாள். அன்று அமைதியாகக் கிடந்தாள்.

"மறதி நோய்னாலதான் அம்மா தூங்க மாட்டேங்கிறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றான் சித்ராவின் கணவன் ஜெயசீலன்.

"அது பாதிதான் சார். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டிவலி இருக்கு. நமக்கு இதெல்லாம் இருந்தாலும் முழிப்பு வரும். நாம பாத்ரூம் போவோம், தைலம் தேய்ப்போம், திரும்பப் படுத்துடுவோம். இவங்களுக்கு முழிப்பு மட்டும் வரும். எதுக்கு முழிச்சோம்னு தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல வார்த்தை இல்ல. அதான் எந்திரிச்சு நடக்கிறாங்க, கத்துறாங்க. நாம மறதி முத்திப்போச்சுன்னு தூக்க மாத்திரையைக் குடுத்துடறோம்." அவள் மெத்தைமேல் விரித்திருந்த சாம்பல்நிறத் துணியைத் தட்டினாள். "இது மூச்சு, நாடி, கால் உதறல், மூத்திரப்பை, மனசுப் பதட்டம் எல்லாத்தையும் படிக்கும். காரணத்தைக் கண்டுபிடிச்சு ஒரு வாக்கியமாச் சொல்லும். அவ்வளவுதான்."

"குரல்?"

"உங்க தங்கச்சிக்குப் பெரியம்மா போன்ல அனுப்பின குரல் செய்தியெல்லாம் வாங்கினோம்ல சார். நானூத்திப் பன்னெண்டு இருந்துச்சு."

ஜெயசீலன் சிரித்தான். "அதுல முக்கால்வாசி இவளைப் பத்தின புகாராத்தான் இருந்திருக்கும்."

நஸ்ரின் சட்டென்று குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். அப்படியென்றால் உண்மைதான் என்று சித்ராவுக்குப் புரிந்தது. சென்னையில் இருக்கும் நாத்தனார் வனஜாவுக்கு அத்தை தினமும் பேசி அனுப்பியது எல்லாம் சமையலறை வரை கேட்கும். சாம்பாரில் ஆரம்பித்து அவள் அப்பா வீட்டில் போய் முடியும். ஆனாலும் அந்தக் குரல் இன்று ஒரு புது வேலை செய்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அத்தை அவளை 'இந்தா' என்பாள், 'ஏ, ஒன்னத்தான்' என்பாள். சித்ரா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டியில் யார் பேரைப் போட வேண்டும் என்று நஸ்ரின் கேட்டபோது ஜெயசீலன்தான், "சித்ரான்னே போடும்மா, அவதானே பாக்குறா," என்றிருந்தான்.

முதல் மூன்று வாரம் வீட்டில் நம்ப முடியாத நிம்மதி. "கால் எரியுது, சித்ரா," என்றால் பாதத்தில் ஈரத்துணி. "முட்டி வலிக்குது, சித்ரா," என்றால் தலையணையை மடித்து முழங்காலுக்கு அடியில். இரண்டு நிமிடத்தில் தங்கபுஷ்பம் உறங்கிவிடுவாள். ஒரே ஒரு நிபந்தனைதான். சித்ராவின் முந்தானை அவள் கையில் இருக்க வேண்டும். இழுத்தால் விழித்துவிடுவாள். அதனால் சித்ராவும் அதே கட்டிலில் ஓரமாகப் படுத்துக்கொள்வாள். நாள் போகப் போகக் கிழவி பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விருதுநகர் வெயிலுக்கு அது ஒன்றும் சொகுசு இல்லை. ஆனாலும் மூன்றாவது வாரம் முடிகிறபோது சித்ரா, இரண்டு வருடத்துக்குப் பிறகு, கிணற்றில் கல் விழுந்த மாதிரித் தூங்கினாள்.

நான்காவது வாரத்தில் குரல் மாறியது.

"மூச்சு முட்டுது, சித்ரா."

சித்ரா திடுக்கிட்டு எழுந்தாள். கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. இதயம் படபடவென்று அடித்தது. அந்தக் குரல் அப்படிப் பயமுறுத்திவிட்டது என்று நினைத்தாள். முன்னறையிலிருந்து ஜெயசீலன் ஓடிவந்தான். "என்னாச்சு அம்மாவுக்கு?"

இருவரும் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் வாயைத் திறந்துகொண்டு, சீராக மூச்சு விட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்குறாங்களே," என்றாள் சித்ரா.

"தூக்கத்துலயே முட்டுதோ என்னவோ." அவன் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தான். விழித்த கிழவி அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் இரண்டு தடவை. பிறகு புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது: "நெஞ்சை அடைக்குது, சித்ரா."

பகலில் சித்ரா அத்தையின் எதிரே உட்கார்ந்து கேட்டுப்பார்த்தாள். "இங்க வலிக்குதா அத்தை?" கை வைத்து அழுத்தினாள். கிழவி அவளுடைய ஜாக்கெட் கொக்கியைத் திருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வலிக்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனால் வலிக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்திருந்தால்? சித்ராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பகலில் ஒருத்தி, படுத்தால் இன்னொருத்தி. இதில் யாரை நம்புவது?

டாக்டர் மங்கையர்க்கரசியும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். "ஈசிஜி நல்லாத்தான் இருக்கு. எக்கோவும் வயசுக்கு மோசமில்ல. ஆனா விரிப்போட பதிவைப் பார்த்தா எனக்கே கலக்கமா இருக்கு. மூச்சு நின்னு நின்னு வருது. அதுக்கு அப்புறம் இதயம் திணறுது. சில பேருக்குத் தூக்கத்துலதான் வெளிய தெரியும்." நீர் பிரிய ஒரு மாத்திரை, நெஞ்சடைப்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். ஏற்கெனவே ஒன்பது மாத்திரை. பதினொன்று ஆயிற்று.

குரல் நிற்கவில்லை. ஆனால் தங்கபுஷ்பம் தளர்ந்துபோனாள். எழுந்து நின்றால் ஆடினாள். ஒரு காலை முகம் கழுவும் தொட்டி அருகே கண் சொருகி விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல்.

"எங்கம்மா உங்க கையிலதானே இருக்காங்க அண்ணி?" என்றாள் வனஜா போனில். அழுகையா, ஏச்சா என்று பிரிக்க முடியாத குரல். "மூச்சு முட்டுதுன்னு வாய்விட்டுச் சொல்றாங்க. அப்புறமும் பாத்துக்கிட்டு இருக்கீங்களே!"

வாய்விட்டு இல்லை என்று சொல்ல நினைத்தாள்.

டாக்டர் வியாழக்கிழமை என்று நாள் குறித்தார். குழாய் விட்டுப் பார்ப்பது, அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைப்பது. "சாதாரணமா இதுக்கு மயக்க மருந்து வேண்டாம். இவங்க அசையாம இருக்க மாட்டாங்க, அதனால குடுத்துத்தான் ஆகணும். குடுத்தா, இருக்கிற கொஞ்சநஞ்ச நினைவும் போயிடலாம். எந்திரிக்காமலே போறவங்களும் உண்டு. மறைக்க விரும்பல. பண்ணாம விட்டாலும் இந்தப் பதிவுப்படி ரொம்ப நாள் தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலன் சம்மதப் படிவத்தை மேசைமேல் வைத்தான். பெயிண்ட் கடையில் எத்தனை டின் எந்த நிறம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன், இதைப் பார்த்துக்கொண்டே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

"நீ சொல்லு சித்ரா. நீதானே பக்கத்துலயே கெடக்க. அம்மாவுக்கு நெஜமாவே முடியலையா?"

"எனக்கே ஒண்ணும் புரியலைங்க."

"ஒனக்குப் புரியலைன்னா பெறகு யாருக்குப் புரியும்?"

அன்று மாடிக்குத் துணி காயப்போடப் போனபோது ஏழாவது படியிலேயே நின்றுவிட்டாள். தாடை வலித்தது. சாப்பாட்டு நேரத்தில், "எனக்குக்கூட மூச்சு வாங்குதுங்க," என்றாள்.

"நீ எங்க சரியாத் தூங்குற? அதான். அம்மா விஷயம் முடியட்டும், பாப்போம்," என்றான். அதில் அக்கறை இல்லாமல் இல்லை. வரிசையில் அது பின்னால் இருந்தது, அவ்வளவுதான். அவளும் அப்படியேதான் நினைத்தாள்.

இப்போதெல்லாம் அவள் பெட்டியோடு பேச ஆரம்பித்திருந்தாள். "இருங்க அத்தை, இதோ." "கொஞ்சம் பொறுங்க அத்தை, காத்தாடியைக் கூட்டுறேன்." ஒரு தடவை, "நெஞ்சை அடைக்குது, சித்ரா," என்றதற்கு, "எனக்குந்தான் அத்தை," என்று வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

புதன்கிழமை மதியம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். படிவத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. கூடத்தில் ஜெயசீலன் அம்மாவுக்கு இடியாப்பம் ஊட்டிக்கொண்டிருந்தான். சித்ரா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அத்தையின் நைட்டிகளை மடித்தாள். மூன்றாவது நைட்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டாள்.

"நெஞ்சை அடைக்குது, சித்ரா."

"இதோ அத்தை," என்று கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிச் சுவர்ப் பக்கம் தடவினாள். விரிப்புதான் தட்டுப்பட்டது. இன்னும் தள்ளித் தடவினாள். சுவர்.

எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலில் யாரும் இல்லை. கூடத்தில், "ஆ காட்டுங்க, இன்னும் ஒரே வாய்," என்று ஜெயசீலன் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது.

"மூச்சு முட்டுது, சித்ரா," என்றது பெட்டி.

கொஞ்ச நேரம் அவளுக்கு எது கனவு என்று தெரியவில்லை. பிறகு மெதுவாக ஒரு சந்தோஷம் வந்தது. மெஷின் கெட்டுப்போயிருக்கிறது. ஆள் இல்லாத கட்டிலில் உளறுகிறது. இத்தனை நாளும் உளறியிருக்கிறது. அப்படியென்றால் நாளைக்கு ஒன்றும் வேண்டியதில்லை. கைபேசியை எடுத்து நஸ்ரினைக் கூப்பிட்டாள்.

நான்கு மணிக்கு நஸ்ரின் வந்தாள். விரிப்பைத் தடவினாள், தன் கருவியை இணைத்து ஐந்து நிமிடம் அதன் திரையையே பார்த்தாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்குக்கா."

"என்னம்மா சொல்ற? கட்டில்ல ஆளே இல்ல!"

"நீங்க இருந்தீங்கள்ல?"

"நான் சும்மா... நைட்டி மடிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணசந்துட்டேன்."

நஸ்ரின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, ராத்திரி நீங்க எங்க படுக்கிறீங்க?"

"இங்கதான். முந்தானையை விடமாட்டாங்களே."

"பெரியம்மா?"

"அவங்க சுவரோட ஒட்டிக்குவாங்க."

நஸ்ரின் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "விரிப்பு வாங்குறப்ப குடுத்த படிவத்துல தனிக் கட்டிலான்னு ஒரு கேள்வி இருந்துச்சு. சார் ஆமான்னு போட்டிருந்தார்."

"அம்மாவோட கட்டில்தானே இது," என்றான் வாசலில் வந்து நின்ற ஜெயசீலன். "கல்யாணத்துக்கு அவங்க கொண்டுவந்தது. வேற யாருக்கு?"

"கட்டில் யாருதுன்னு கேக்கல சார். எத்தனை பேர் படுக்கிறீங்கன்னு. இதைச் செஞ்ச ஊர்ல நோயாளி தனியாத்தான் படுப்பாங்க. ஒரே கட்டில்ல ரெண்டு பேர் படுப்பாங்கன்னு அவங்க யோசிக்கவே இல்ல. நானும் யோசிக்கல. எங்க வீட்டுல நாங்க மூணு பேர் ஒரே பாயில படுக்கிறோம், எனக்காவது தோணியிருக்கணும்." கருவியைத் திருப்பிக் காட்டினாள். "விரிப்பு நடுவுல யார் இருக்காங்களோ அவங்களைத்தான் படிக்கும். முதல் மூணு வாரம் அக்கா பாதி முழிச்சு, ஒதுங்கிப் படுத்திருக்காங்க. பெரியம்மா நடுவுல. அப்புறம் அக்கா நல்லாத் தூங்க ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுக்கு வந்துட்டாங்க. பெரியம்மா சுவருக்குப் போயிட்டாங்க."

முதலில் ஜெயசீலனுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அப்ப அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல!"

அந்த நிமிடமே வனஜாவைக் கூப்பிட்டான். "வனஜா! அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையாம். நாளைக்கு வேண்டாம். மெஷின் தப்பாச் சொல்லியிருக்கு!"

"தப்பாச் சொல்லல சார்," என்றாள் நஸ்ரின். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "ஆளைத்தான் மாத்திச் சொல்லியிருக்கு."

கைபேசி அவன் காதிலேயே இருந்தது. உள்ளே வனஜா, "அண்ணே? அண்ணே?" என்றுகொண்டிருந்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். முகம் ஞாபகம் இருக்கிறது, எங்கே பார்த்தோம் என்று தெரியவில்லை என்பதுபோல ஒரு பார்வை.

"ஒனக்கா?"

"தெரியலைங்க," என்றாள் சித்ரா.

உண்மையிலேயே தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அடைக்கிறதா? அடைக்கிற மாதிரியும் இருந்தது. இத்தனை நாளும் வேறொருத்தியின் குரலில் கேட்டுக் கேட்டு, எழுந்து எழுந்து வேறொருத்தியின் முதுகைத் தடவிக் கொடுத்து, அது எங்கே வலிக்கிறது என்பதே அவளுக்குக் குழம்பிப்போயிருந்தது. பிறகு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தையின் நெற்றித் தையல் கண்ணில் பட்டது. அந்த இரண்டு மாத்திரையும் யாருடையவை என்று அப்போதுதான் உறைத்தது.

"அத்தை என் மாத்திரையை முழுங்கியிருக்காங்களே," என்றாள். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

டாக்டர் மங்கையர்க்கரசி போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ரெண்டு மாத்திரையையும் இப்பவே நிறுத்துங்க. வியாழக்கிழமையை ரத்து பண்ண வேண்டாம். பேரை மட்டும் மாத்திக்கலாம். சித்ராவைக் கூட்டிட்டு வாங்க," என்றார். அவர் குரலிலும் குற்ற உணர்ச்சி தெரிந்தது.

வியாழக்கிழமை சித்ராவின் இதயக் குழாய்களில் இரண்டு அடைப்பு இருந்தது தெரிந்தது. ஒன்று எண்பது சதவீதத்துக்கு மேல். ஸ்டென்ட் வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும், இதைத் தூண்டிவிட்டதே அதுவாக இருக்கலாம் என்றார் டாக்டர். "நல்லாத் தூங்கினதாலதான் உங்களுக்கு மூச்சு நின்னிருக்கு. முன்னாடி தூங்கியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்." அதைக் கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று சித்ராவுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஜெயசீலன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றான். சனிக்கிழமைதான் வீட்டுக்கு விடுவார்கள்.

"ராத்திரி அத்தைகூட யார் படுப்பா?" என்றாள். அறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து அவளுக்கு அதே கவலை.

"நான்தான்."

"முந்தானை இல்லாம தூங்க மாட்டாங்க. கொடியில என் பச்சைச் சேலை கெடக்கும். அதைப் போத்திக்கிட்டுப் படுங்க. நுனியை அவங்க கையில குடுத்துடுங்க."

"சேலையா?"

"யாரு பாக்கப் போறா? நீங்க ஓரமாப் படுங்க, பெட்டியை மட்டும் அணைச்சுடாதீங்க. மாத்திரையை நிறுத்தியிருக்கு, என்ன சொல்றாங்கன்னு கேக்கணும்ல."

அவன் தலையாட்டினான். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். செவிலி வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். "சரி, வரேன்," என்று போய்விட்டான். இருபத்திரண்டு வருடமாக அவன் எந்த வாசலில் நின்றும் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு இருக்கிறாளாம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"அத்தை தூங்கவே இல்லையா?" என்று பதறினாள் சித்ரா.

"அம்மாவா? கட்டை மாதிரித் தூங்கினாங்க. காலையில ரெண்டு இட்லி தின்னாங்க. நடையும் தேவலை." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அந்தப் பெட்டிதான் மறுபடி கெட்டுப்போச்சு. நஸ்ரினை வரச்சொல்லணும்."

"ஏன், என்னாச்சு?"

"என்னென்னமோ சொல்லுது. இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு. விடிய விடிய அதையேதான். கண்ணை மூடினாப் போதும்."

"என்ன சொல்லுச்சு?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். கீழே வேப்பமரத்தடியில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"'பயமா இருக்கு, சித்ரா'ங்குது," என்றான். "அம்மாவோட குரல்ல. 'பயமா இருக்கு, சித்ரா. பயமா இருக்கு, சித்ரா.' ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு லைட்டைப் போட்டு அம்மாவைப் பாக்குறேன். அவங்க பாட்டுக்கு வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

சித்ரா அவனையே பார்த்தாள். மாறிப்போன பொத்தானைப் பார்த்தாள். சட்டை மடிப்பில் அவளுடைய பச்சைச் சேலையின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"நீங்க எந்தப் பக்கம் படுத்தீங்க?"

"ஒன் பக்கந்தான். ஏன்?"

சொல்லிவிட்டு, நஸ்ரினின் எண்ணைத் தேடிக் கைபேசியைத் தடவ ஆரம்பித்தான். ஊசி ஏற்றியிருந்த கையால் சித்ரா மெதுவாக அதை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அது சரியாத்தான் இருக்குங்க," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."